வாசலில் காத்திருந்த தூதர்கள்: ஸஃபவிப் பேரரசின் மூன்று தலைநகரங்கள்

1562ஆம் ஆண்டு நவம்பரில் ஆண்டனி ஜென்கின்சன் என்ற ஆங்கிலேய வணிகர், அரசி எலிசபெத்தின் கடிதத்தோடு ஈரானின் கஸ்வீன் நகருக்கு வந்து சேர்ந்தார். ரஷ்யா வழியாக வந்து, காஸ்பியன் கடலைத் தாண்டிய நெடும்பயணம் அது. ஷா தஹ்மாஸ்ப் அவரை அழைத்து இரண்டொரு கேள்விகள் கேட்டார். கிறிஸ்தவர் என்று தெரிந்ததும் போகச் சொல்லிவிட்டார். ஜென்கின்சன் அவையைவிட்டு நடந்து வெளியேற, பின்னாலேயே ஒருவர் அவர் கால்பட்ட இடமெல்லாம் மணல் தூவிக்கொண்டு வந்தாராம், அவரே எழுதிவைத்திருக்கிறார். மதவெறிக்கு எடுத்துக்காட்டாக இந்தக் காட்சியைச் சொல்வது வரலாற்று நூல்களில் வழக்கமாகிவிட்டது. ஆனால் அதே பயணக் குறிப்பில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. ஜென்கின்சன் வருவதற்குச் சில நாள்களுக்கு முன்புதான் ஒட்டோமான் சுல்தானின் தூதர் அந்த நகரில் வந்து இறங்கியிருந்தார். பல ஆண்டுப் போருக்குப் பிறகு கிடைத்த சமாதானத்தை உறுதிப்படுத்தும் பேச்சு நடந்துகொண்டிருந்த நேரம். ஐரோப்பியர் ஒருவரோடு ஷா நெருங்கினால் சுல்தான் என்ன நினைப்பார் என்ற கவலை அரண்மனையில் வெளிப்படையாகவே பேசப்பட்டது. அப்படியானால் தூவப்பட்ட மணலைப் பார்க்கவேண்டியவர் ஜென்கின்சன் மட்டும்தானா? ஒரே நகரில், ஒரே வாரத்தில் இரண்டு விருந்தாளிகள். ஒருவருக்குக் காட்டிய அவமதிப்பு மற்றவருக்குச் செய்த மரியாதையாக இருந்திருக்கிறது.

இந்த உரையில் நான் நிறுவ முயல்வது ஒன்றுதான். 1501 முதல் 1722 வரை ஈரானை ஆண்ட ஸஃபவிகள், வலிய அரசுகளுக்கு நடுவே வாழ்ந்தார்கள். மேற்கே ஒட்டோமானியர், கிழக்கே முகலாயர், வடகிழக்கே உஸ்பெக்கியர். களத்தில் எல்லோரையும் ஒரே நேரத்தில் வெல்லும் ஆள்பலமோ பணபலமோ அவர்களிடம் இல்லை. அந்தக் குறையை ஈடுசெய்ய அவர்கள் வளர்த்தெடுத்த கலை, விருந்து கொடுக்கும் கலை. வந்தவரை எங்கே நிறுத்துவது, எத்தனை மாதம் காக்கவைப்பது, யார் கண்முன் கௌரவிப்பது, யார் கண்முன் புறக்கணிப்பது என்ற தீர்மானங்களே அவர்களது வெளியுறவின் சாரம். தலைநகரம் அந்தக் கலையின் கருவி. தப்ரீஸிலிருந்து கஸ்வீனுக்கும் கஸ்வீனிலிருந்து இஸ்ஃபஹானுக்கும் தலைநகர் மாறியதைப் படையெடுப்புக்குப் பயந்து பின்வாங்கிய கதையாகவே நாம் படித்திருக்கிறோம். அதில் பாதி உண்மைதான் உண்டு என்பது என் கருத்து.

தப்ரீஸிலிருந்து தொடங்குவோம். 1501இல் இளம் இஸ்மாயில் அங்கேதான் முடிசூடினார். ஷியா இஸ்லாத்தை அரசு மதமாக அறிவித்ததும் அங்கேதான். செல்வமும் கலையும் நிறைந்த பழைய நகரம். ஆனால் ஒட்டோமான் எல்லைக்கு மிக அருகில் இருந்தது. 1514இல் சால்திரான் போர்க்களத்தில் சுல்தான் செலீமின் பீரங்கிகளிடம் இஸ்மாயில் தோற்றபின், வெற்றிபெற்றவர் நேராகத் தப்ரீஸுக்குள் நுழைந்து, கைவினைஞர்கள் பலரைத் தன் நாட்டுக்குக் கொண்டுபோனார். அவர் மகன் சுலைமான் 1534இலும் 1548இலும் மறுபடி நுழைந்தார். தஹ்மாஸ்ப் எதிர்த்து நிற்கவில்லை. பயிர்களை எரித்து, கிணறுகளைத் தூர்த்து, பின்வாங்கிக் காத்திருந்தார். குளிரும் பசியும் ஒட்டோமான் படையைத் திருப்பி அனுப்பின. போர்த்தந்திரமாக இது புத்திசாலித்தனமே. ஆனால் அழைக்காதவர் நினைத்தபோதெல்லாம் நுழைந்துபோகும் நகரில் இருந்துகொண்டு யாருக்கு விருந்து வைப்பது? சொந்த வாசலைக் காக்க முடியாத அரசர், அந்த வாசலில் பிறரைக் காக்கவைக்க முடியாது. தஹ்மாஸ்பின் காலத்தில் வந்த மிகப் பெரிய விருந்தாளியான முகலாய அரசர் ஹுமாயூனை 1544 கோடையில் அவர் சந்தித்தது தப்ரீஸில் அல்ல, சுல்தானிய்யாவுக்கு அருகே கோடை முகாமில்.

ஹுமாயூன் வந்த கதை நமக்குத் தெரிந்ததுதான். ஷேர் ஷாவிடம் அரசை இழந்து, தம்பிகளாலும் கைவிடப்பட்டு, சிறு கூட்டத்தோடு ஈரான் எல்லைக்குள் நுழைந்தார். அப்போது தஹ்மாஸ்ப் ஹெராத் ஆளுநருக்கு அனுப்பிய ஆணையை அபுல் ஃபஸல் அக்பர்நாமாவில் சேர்த்துவைத்திருக்கிறார். அரசாணை என்பதைவிடப் பெரிய வீட்டுச் சமையல்காரருக்குக் கொடுத்த குறிப்பு என்றே அதன் சில பகுதிகளைச் சொல்லலாம். பாலும் நெய்யும் சேர்த்துப் பிசைந்து, பெருஞ்சீரகமும் கசகசாவும் தூவிய வெள்ளை ரொட்டி, குளிர்ந்த சர்பத், அன்றாடம் வைக்கவேண்டிய உணவு வகைகள், வரவேற்கப் போகிறவர்கள் குதிரையிலிருந்து எங்கே இறங்கவேண்டும் என்பது வரை அதில் இருக்கிறது. அதே ஆணையில் இன்னொன்றும் உண்டு. விவரம் தெரிந்த எழுத்தர் ஒருவரை நியமித்து, விருந்தாளியின் அவையில் நடப்பதையும் பேசப்படுவதையும் நாள்தோறும் எழுதி அனுப்பவேண்டும். ரொட்டியும் ஒற்றும் ஒரே தாளில். ஸஃபவி வெளியுறவின் இலக்கணம் முழுவதும் அந்த ஒரே ஆணையில் அடங்கியிருக்கிறது என்பேன். உபசாரம் எவ்வளவு தாராளமோ அவ்வளவு கண்காணிப்பு. கொடுத்தது எவ்வளவோ அவ்வளவு எதிர்பார்ப்பு. ஸஃபவிகளின் செந்தொப்பியை அணியுமாறு ஹுமாயூன் வற்புறுத்தப்பட்டார், ஷியா நெறியை ஏற்குமாறும் நெருக்கப்பட்டார். பிறகு படை கிடைத்தது. அந்தப் படையோடு அவர் 1545இல் காந்தஹாரைப் பிடித்தார். அந்த நகரம் யாருக்குச் சொந்தம் என்ற வழக்கு அடுத்த நூறாண்டுகளுக்கு மேல் இரு அரசுகளுக்கும் நடுவில் ஓயவில்லை.

1555இல் அமாஸ்யாவில் ஒட்டோமானியரோடு சமாதானம் ஏற்பட்ட காலத்தை ஒட்டித் தலைநகர் கஸ்வீனுக்கு மாறியது. எல்லையிலிருந்து விலகிய இடம் என்பது முதல் காரணம். அதை மறுக்க முடியாது. ஆனால் போனபின் அங்கே நடந்தது என்ன? தோட்டங்களும் மண்டபங்களும் கொண்ட புதிய அரண்மனைப் பகுதி எழுந்தது. 1559இல் சுல்தான் சுலைமானின் மகன் பாயஸீத், அண்ணன் செலீமோடு நடந்த வாரிசுப் போரில் தோற்றுத் தன் பிள்ளைகளோடு ஸஃபவிகளிடம் சரண் புகுந்தார். கஸ்வீனில் அவருக்குப் பெரும் வரவேற்பு. பல ஆண்டுகளாகத் தன்னை விரட்டிய சுல்தானின் மகன் இப்போது தன் பந்தியில் உட்கார்ந்திருக்கிறான். தஹ்மாஸ்ப் அவசரப்படவில்லை. ஒட்டோமான் தூதர்கள் வந்தார்கள், போனார்கள், மறுபடி வந்தார்கள். ஒவ்வொரு வருகைக்கும் விலை ஏறியது. கடைசியில் பெருந்தொகைப் பொன்னும் சமாதான உறுதியும் கிடைத்தபிறகு, பாயஸீதும் அவர் மகன்களும் ஒட்டோமான் தரப்பினரிடம் ஒப்படைக்கப்பட்டு அங்கேயே கொல்லப்பட்டார்கள். சரண் புகுந்தவரை விற்ற இந்தச் செயலை நியாயப்படுத்த நான் முயலப்போவதில்லை. அக்காலத்து அறத்துக்கும் அது இழுக்குத்தான். இங்கே கவனிக்கவேண்டியது அதன் இயக்கம். 1514இல் போர்க்களத்தில் பெற முடியாததை, 1560களின் தொடக்கத்தில் ஒரே ஒரு விருந்தாளியை வைத்துக்கொண்டு ஸஃபவி அரசு பெற்றது. ஜென்கின்சன் வந்து நின்றதும் இந்த விவகாரம் முடிந்த கையோடுதான்.

இப்போது இஸ்ஃபஹானுக்கு வருவோம். இங்கேதான் பாதுகாப்பு விளக்கம் தடுமாறத் தொடங்குகிறது. ஷா அப்பாஸ் 1598 வாக்கில் தலைநகரை இஸ்ஃபஹானுக்கு மாற்றினார். அதே ஆண்டு ஆகஸ்டில் ஹெராத் அருகே உஸ்பெக்கியரை முறியடித்திருந்தார். 1603இல் தப்ரீஸையே ஒட்டோமானியரிடமிருந்து மீட்டார். பயந்து பின்வாங்கியதுதான் காரணம் என்றால், பயம் தீர்ந்தபின் பழைய இடத்துக்குத் திரும்பியிருக்கவேண்டும். அவர் திரும்பவில்லை, மாறாக இஸ்ஃபஹானில் கட்டுமானங்கள் அப்போதுதான் மும்முரமாயின. ஷேக் லுத்ஃபுல்லா பள்ளிவாசல் 1603இல் தொடங்கியது, ஷா பள்ளிவாசல் 1611இல்.

பொருளாதாரமே காரணம் என்பார் சிலர். ஈரானின் செல்வம் பட்டு. பட்டு விளைந்ததோ காஸ்பியன் கரையோரமான கீலானில். கீலானுக்குக் கிட்டத்தில் இருப்பது கஸ்வீன். இஸ்ஃபஹான் தொலைவில் இருக்கிறது. பட்டுக்காக நகரை மாற்றியிருந்தால் எதிர்த்திசையில் போயிருக்கவேண்டாமா? இதற்கு ஒரு நல்ல மறுமொழி உண்டு. இஸ்ஃபஹானிலிருந்து தெற்கே பாரசீக வளைகுடாவுக்குப் பாதை போகிறது. ஒட்டோமான் நிலத்தின் வழியே போய்க்கொண்டிருந்த பட்டைக் கடல்வழியே திருப்பினால் எதிரியின் சுங்க வருமானத்தில் கைவைக்கலாம். உண்மைதான். ஆனால் அந்தத் திருப்பத்துக்குக் கப்பல் வேண்டும், கப்பல் வைத்திருந்தவர்கள் போர்த்துகீசியர், ஆங்கிலேயர், டச்சுக்காரர். அவர்களை வரவழைக்கவும் ஒருவரை வைத்து ஒருவரை அடக்கவும் ஓர் இடம் தேவைப்பட்டது. பொருளாதார விளக்கத்தைக் கொஞ்சம் இழுத்தால் அது வெளியுறவு விளக்கமாகவே வந்து நிற்கிறது. உள்நாட்டுக் காரணத்தை மட்டும் நான் தயக்கமின்றி ஏற்கிறேன். செந்தொப்பி அணிந்த கிசில்பாஷ் படைக்குலத் தலைவர்களின் பிடியிலிருந்து விலகி, அரசரின் நேரடி நிலங்களுக்கு நடுவே, ஜாயந்தே ஆற்று நீர் பாயும் சமவெளியில் உட்காருவது அப்பாஸுக்குத் தேவையாக இருந்தது. ஆனால் அந்தத் தேவைக்கு ஓர் அரண்மனையும் நல்ல வாய்க்காலும் போதும். நக்ஷ்-இ ஜஹான் மைதானம் தேவையில்லை.

அந்த மைதானத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேசவேண்டும். அரை கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான நீளம், நூற்றறுபது மீட்டர் அளவுக்கு அகலம். வடக்கில் அரசக் கடைத்தெருவின் நுழைவாயில். அதன் முகப்பில் அப்பாஸ் உஸ்பெக்கியரை வென்ற ஓவியம். தெற்கில் ஷா பள்ளிவாசல். கிழக்கில் ஷேக் லுத்ஃபுல்லா பள்ளிவாசல். மேற்கில் ஆலி காபு என்ற அரண்மனை வாயில். பின்னாளில் அதன்மேல் மரத்தூண்கள் தாங்கும் உயர்ந்த முன்மண்டபம் எழுந்தது. ஒரு தூதர் காணிக்கைகளோடு வந்தால் அவை பெட்டிக்குள் மூடி அரண்மனைக்குப் போவதில்லை. ஒவ்வொரு பொருளையும் தனித்தனி ஆள் தூக்கிக்கொண்டு, நகரத்தார் பார்க்க, பிற நாட்டுத் தூதர்கள் பார்க்க, ஷாவின் கண்முன் வரிசையாகப் போவது வழக்கம். பத்துப் பட்டுத் துணி பத்துப் பேரின் கைகளில் போகும். கொடுத்தவருக்குப் பெருமைதான். ஆனால் பார்ப்பவர் மனத்தில் பதிவது, உலகமே ஷாவுக்குக் கப்பம் கட்டுகிறது என்ற காட்சி. 1622இல் ஆங்கிலேயக் கப்பல்களின் உதவியோடு ஹோர்முஸ் தீவைப் போர்த்துகீசியரிடமிருந்து பிடித்தபின், அந்தக் கோட்டைப் பீரங்கிகளும் அரண்மனை வாயிலின்முன் கொண்டுவந்து நிறுத்தப்பட்டன. அதன்பிறகு அந்த வாயிலுக்கு வந்த எந்த ஐரோப்பியத் தூதரும் அவற்றைக் கடந்துதான் உள்ளே போனார். நம் ஊர்க் கல்யாண வீட்டில் யாரை எந்தப் பந்தியில், யாருக்குப் பக்கத்தில் உட்காரவைப்பது என்பதற்காக நடக்கும் மௌனப் போரை நினைத்துக்கொண்டால் இந்த அரசியல் சட்டென்று விளங்கிவிடும்.

ஆலி காபுவுக்கு இன்னொரு தன்மையும் இருந்தது. அதன் வாசற்படியை யாரும் மிதிப்பதில்லை. குற்றம் செய்தவரோ கடன்பட்டவரோ அந்த வாயிலில் வந்து சரண் புகுந்தால், ஷாவின் உத்தரவின்றி அவரைப் பிடிக்க முடியாது. சரண் என்ற இந்தக் கருத்து அரண்மனைக்குள்ளே சித்திரமாகவும் விரிகிறது. 1647இல் இரண்டாம் அப்பாஸ் கட்டிய சிஹில் சுத்தூன் மண்டபத்தின் பெரிய சுவரோவியங்களில் மூன்று விருந்துக் காட்சிகள் உண்டு. ஒன்றில் தஹ்மாஸ்ப் ஹுமாயூனை உபசரிக்கிறார். இரண்டாவதில் முதலாம் அப்பாஸ் புகாராவின் வலீ முஹம்மத் கானை உபசரிக்கிறார். மூன்றாவதில் இரண்டாம் அப்பாஸ், அதே புகாராவின் நத்ர் முஹம்மத் கானோடு அமர்ந்திருக்கிறார். மூன்று விருந்தாளிகளுமே அரியணையை இழந்து ஓடிவந்தவர்கள்! தன் பெருமையைச் சுவரில் எழுத நினைத்த வம்சம், போரை ஒரு சுவருக்கு ஒதுக்கிவிட்டு, மற்ற மூன்றிலும் அடைக்கலம் கேட்டு வந்த அரசர்களை உட்காரவைத்தது. அந்த வம்சம் கண்ட ஐரோப்பியத் தூதர்கள் எத்தனையோ பேர். அவர்களுக்கு அந்தப் பெரும் விருந்துக் காட்சிகளில் இடமில்லை. நம்மூர் வரலாற்று நூல்கள் ஷா அப்பாஸின் அவையை ஐரோப்பியப் பயணிகளின் கண்வழியே பார்த்துப் பழகியதால், அந்த அவை ஐரோப்பாவை நோக்கியே இயங்கியதாக ஒரு தோற்றம் உண்டாகிவிட்டது. அந்தச் சுவர்கள் வேறு கதை சொல்கின்றன. ஓர் இந்தியத் தூதர் அந்த மண்டபத்தில் அமர்ந்தால், தன் பாதுஷாவின் முன்னோர் ஈரானியரின் விரிப்பில் விருந்தாளியாக இருப்பதைப் பார்த்துக்கொண்டேதான் உணவு அருந்தவேண்டும். அந்த மண்டபம் எழுந்த இரண்டாம் ஆண்டில், 1649இல், இரண்டாம் அப்பாஸ் காந்தஹாரை ஷாஜஹானிடமிருந்து பறித்தார் என்பதையும் சேர்த்து நினையுங்கள்.

இந்த இடத்தில் வலுவான ஆட்சேபம் ஒன்று வரும், வரவேண்டும். ஷா அப்பாஸ் இஸ்ஃபஹானில் இருந்ததே குறைவு அல்லவா? ஆண்டின் பெரும்பகுதி படையெடுப்பில், வேட்டையில், காஸ்பியன் கரையில் மாஸந்தரானில் அவர் கட்டிய ஃபரஹாபாத், அஷ்ரஃப் அரண்மனைகளில் கழிந்தது. ஆங்கிலேயச் சகோதரர்களான ஆண்டனி ஷெர்லியும் ராபர்ட் ஷெர்லியும் 1598 டிசம்பரில் அவரைக் கண்டது கஸ்வீனில். 1628இல் இங்கிலாந்து மன்னரின் தூதர் டாட்மோர் காட்டன் அவரைச் சந்திக்க அஷ்ரஃப் வரை போகவேண்டியிருந்தது. அதே ஆண்டு ஜூலையில் கஸ்வீனில் காட்டனும் ராபர்ட் ஷெர்லியும் சில நாள் இடைவெளியில் இறந்தார்கள். அரசரே இல்லாத நகரம் எப்படி வெளியுறவின் கருவியாகும்?

இதற்கு ஸ்பெயின் தூதர் கார்சியா டி சில்வா இ ஃபிகெரோவாவின் அனுபவமே விடை. 1617இல் ஈரான் வந்த அந்த முதியவர், வளைகுடாவில் போர்த்துகீசியர் இழந்த இடங்களைத் திருப்பிக் கேட்கவும், ஹோர்முஸைக் காப்பாற்றவும் அனுப்பப்பட்டவர். 1618இல் இஸ்ஃபஹானுக்கு வந்தார். ஷா அங்கே இல்லை. கஸ்வீனுக்கு அழைக்கப்பட்டார். அங்கே ஜஹாங்கீரின் தூதர் கான் ஆலமும் இருந்தார். பெரிய பரிவாரத்தோடு வந்திருந்த கான் ஆலமுக்குக் கிடைத்த நெருக்கத்தை ஃபிகெரோவா பார்த்துக்கொண்டிருக்கவேண்டியதாயிற்று. விருந்து உண்டு, இன்சொல் உண்டு, பதில் மட்டும் இல்லை. இஸ்ஃபஹானுக்குப் போய் இரும், வருகிறேன் என்று ஷா அனுப்பிவிட்டார். ஓராண்டு போயிற்று. 1619 கோடையில்தான் ஷா தலைநகர் திரும்பினார். அதன்பிறகே பதில் வந்தது, அதுவும் மறுப்பாக. மூன்றாண்டுகளுக்குள் ஹோர்முஸும் போயிற்று. அரசர் நடமாடினார், தூதர் நின்றார். நிற்கவைக்க ஓர் ஊர் வேண்டும் என்பதாலேயே தலைநகர் தேவைப்பட்டது. ஷா இல்லாத இஸ்ஃபஹான் வெறுமையான நகரமாக இருக்கவில்லை. அது தூதர்களைக் காக்கவைக்கும் கூடமாக இயங்கியது. எல்லையைத் தொட்டவுடன் தூதருக்கு அரசு ஓர் உபசரிப்பாளரை நியமித்துவிடும். மெஹ்மான்தார் என்று பெயர். தங்குமிடம், உணவு, குதிரை எல்லாம் அவர் பொறுப்பு, செலவு ஷாவுடையது. ஆகவே தூதரின் பயணத்தின் வேகமும், தூதர் யாரைப் பார்க்கலாம் என்பதும் மெஹ்மான்தாரின் பொறுப்புதான். (இஸ்ஃபஹானுக்கு வரும் வழியில் ஃபிகெரோவா ஒரு நல்ல வேலையும் செய்தார். ஷிராஸுக்கு வடக்கே கிடந்த இடிபாடுகளைப் பார்த்து, இது கிரேக்கர் எழுதிய பெர்ஸெபொலிஸ் என்று அடையாளம் கண்டவர் அவர். ஸ்பெயினுக்குக் கிடைக்காத பலன் தொல்லியலுக்குக் கிடைத்தது.)

இன்னொரு ஆட்சேபம், ஐரோப்பிய வெளியுறவின் வரலாற்றை எழுதுகிறவர்களிடமிருந்து வருவது. வெனிஸ் போன்ற அரசுகள் அன்றே பிற தலைநகரங்களில் நிரந்தரத் தூதர்களை வைத்திருந்தன, ஸஃபவிகள் வைக்கவில்லை, ஆகவே அவர்களுடையது வளர்ச்சி பெறாத முறை என்பது அவர்கள் வாதம். நிரந்தரத் தூதர் இல்லை என்பது சரி. அனுப்பிய தூதுக்குழுக்களில் சில பரிதாபமாக முடிந்தன என்பதும் சரி. 1599இல் ஆண்டனி ஷெர்லியோடு ஐரோப்பா போன ஹுசைன் அலி பேக்கின் குழுவில் சிலர் அங்கேயே கிறிஸ்தவராகித் தங்கிவிட்டார்கள். 1626இல் லண்டனில் ராபர்ட் ஷெர்லியும் நக்த் அலி பேக்கும், உண்மையான தூதர் நானே என்று இருவருமே சொல்லிக் கைகலப்பு வரை போனார்கள். ஆனால் வெளியே ஆள் வைக்காததன் மறுபக்கத்தைப் பார்க்கவேண்டும். வெளியுலகைத் தன் நகருக்குள் குடியேற்றிக்கொண்டது இந்த அரசு. 1604-05இல் எல்லைப் போரின்போது ஜுல்ஃபா நகரத்து ஆர்மீனியரை அப்பாஸ் வலுக்கட்டாயமாகப் பெயர்த்துக் கொண்டுவந்தார். வழியில் பலர் மடிந்த கொடுமையான இடப்பெயர்வு அது. ஆற்றின் தென்கரையில் அவர்களுக்குப் புதிய ஜுல்ஃபா என்ற தனி ஊர் அமைந்தது. அந்த வணிகக் குடும்பங்களின் கிளைகள் ஐரோப்பாவிலிருந்து இந்தியா வரை பரவின. நம் சென்னைப் பட்டினத்திலும் அவர்களுக்குக் கடைகளும் தெருவும் இருந்தன. ஷாவின் கடிதங்கள் பல அவர்கள் கையில் பயணித்தன. அகஸ்தீனியத் துறவிகள் 1602இல் இஸ்ஃபஹானுக்கு வந்தார்கள், பிறகு கார்மேல் சபையினர், 1628இல் கப்புச்சின் சபையினர். டச்சுக் கம்பெனி 1623இல் அங்கே வணிகமனை திறந்தது. இவர்கள் எல்லோரும் தத்தம் அரசர்களுக்கும் சபைகளுக்கும் செய்தி எழுதினார்கள், ஷாவுக்கும் வேலை செய்தார்கள். பிரெஞ்சுக் கப்புச்சின் துறவி ரஃபாயேல் து மான் 1647 முதல் 1696இல் இறக்கும்வரை இஸ்ஃபஹானில் இருந்து, அவையில் ஐரோப்பியத் தூதர்களுக்கு மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றினார். பிரான்சுக்காக 1660இல் ஈரானின் நிலைமை பற்றி அறிக்கை எழுதியவரும் அவரே. அப்படிப்பட்டவரை உளவாளி என்று விரட்டாமல், அரை நூற்றாண்டு அருகில் வைத்திருந்த அரசு வெளியுறவு தெரியாத அரசு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பிற அரசர்களையும் ஸஃபவிகள் இதே அளவுகோலால்தான் அளந்தார்கள். ஷா சுலைமான் 1685இல் சயாம் மன்னர் நராயிடம் அனுப்பிய தூதுக்குழு, வழியில் சென்னைப் பட்டினத்தில் தங்கிப் போனது. குழுவின் எழுத்தர் முஹம்மத் ரபீ எழுதிய பயண நூல் 'சுலைமானின் கப்பல்' என்று அறியப்படுகிறது. சயாமின் படைபலத்தையும் வரவு செலவையும் மட்டும் அவர் எடைபோடவில்லை. அந்த நாட்டு அவை நடைமுறை, உணவு, உபசாரம் எல்லாவற்றையும் இஸ்ஃபஹானோடு ஒப்பிட்டுக் குறைசொல்லிக்கொண்டே போகிறார். படிக்கச் சுவையான நூல்தான். நியாயமான நூல் என்று சொல்ல மாட்டேன்.

இந்தக் கலை என்ன சாதித்தது என்று கேட்கலாம். 1639இல் ஸுஹாப் உடன்படிக்கையால் பாக்தாதை விட்டுக்கொடுத்து ஒட்டோமானியரோடு சமாதானம் செய்துகொண்டபின், எண்பது ஆண்டுகளுக்கு மேல் அந்த எல்லையில் பெரும் போர் இல்லை. அதைக் குலைக்க முயன்றவர்கள் குறைவில்லை. 1683இல் வியன்னாவில் ஒட்டோமானியர் தோற்றபிறகு, ஈரானும் கிழக்கிலிருந்து தாக்கவேண்டும் என்று ஐரோப்பிய அரசுகள் வரிசையாக ஆள் அனுப்பின. ஸ்வீடன் அனுப்பிய குழுவில் செயலாளராக வந்த எங்கெல்பெர்ட் கெம்ஃபர், 1684இல் ஷா சுலைமானின் அவையில் பல நாட்டுத் தூதர்கள் ஒரே நாளில் வரவேற்கப்பட்டதை விரிவாக எழுதியிருக்கிறார். எல்லோருக்கும் உணவு, எல்லோருக்கும் அங்கி, யாருக்கும் போர் இல்லை. ஷா சுலைமானைச் சோம்பேறி, குடிகாரர் என்று எழுதுவது வழக்கம். குணத்தைப் பற்றி அது சரியாகவே இருக்கலாம். ஆனால் அந்த ஆண்டு அவர் சொன்ன மறுப்பு, பிற்காலத்தில் வந்த பல துடிப்பான அரசர்களின் சம்மதங்களைவிட ஈரானுக்கு நல்லது செய்தது.

அப்படியானால் 1722இல் வீழ்ச்சி ஏன் நடந்தது? என் வாதத்துக்கு எதிரான மிகக் கடுமையான சான்று இதுதான். விருந்தோம்பும் கலைக்கு ஒரு நிபந்தனை உண்டு. கொடுக்கவும் மறுக்கவும் அரசரிடம் ஏதாவது இருக்கவேண்டும். நீண்ட சமாதானத்தில் படை தேய்ந்தது, மாகாணங்கள் கைநழுவின. காட்சி மட்டும் குறையாமல் நடந்தது. பார்க்கவைப்பதற்காகக் கட்டிய நகரத்தை, பார்க்கத் தெரிந்தவர்கள் வந்து பார்த்துவிட்டார்கள். 1717இல் ரஷ்யத் தூதர் அர்தேமி வொலின்ஸ்கி இஸ்ஃபஹானில் வணிக உடன்படிக்கை செய்துகொண்டார். ஆனால் பேரரசர் பீட்டருக்கு அவர் கொண்டுபோன உண்மையான செய்தி, ஷா சுல்தான் ஹுசைனின் அரசு ஆட்டம் கண்டுவிட்டது என்பதே. 1721 தொடக்கத்தில் ஒட்டோமான் தூதர் துர்ரி எஃபெந்தி, அப்போது தெஹ்ரானில் இருந்த அவைக்கு வந்துபோய், நாடு வளமாக இருக்கிறது, நடத்தத் தெரிந்த ஆள்தான் இல்லை என்ற கருத்தில் அறிக்கை எழுதினார். உபசாரத்தில் யாருக்கும் குறை வைக்கவில்லை. ஆனால் ரொட்டியோடு சேர்ந்து ஒற்றும் இருந்த காலம் போய், ஒற்று முழுவதும் விருந்தாளியின் கைக்கு மாறியிருந்தது.

நகரத்தின் அமைப்பும் காலை வாரியது. தோட்டங்களும் சாஹர் பாக் நெடுஞ்சாலையும் பாலங்களும் வெளியே ஆர்மீனியர் ஊருமாகத் திறந்துகிடந்த இஸ்ஃபஹானுக்கு நல்ல கோட்டைச் சுவர் இல்லை. பழைய மண்சுவர் நகரத்தின் வளர்ச்சிக்குள் எங்கோ மறைந்துகிடந்தது. 1722 மார்ச்சில் குல்நாபாதில் வென்ற ஆப்கானியர் தலைவர் மஹ்மூத், சுல்தான் ஹுசைன் ஊருக்கு வெளியே கட்டிய ஃபரஹாபாத் மாளிகையையே தன் பாசறையாக்கிக்கொண்டார். புதிய ஜுல்ஃபாவைப் பிடித்துப் பெருந்தொகை கறந்தார். நகரத்தைத் தாக்கவேண்டிய அவசியமே அவருக்கு இருக்கவில்லை. வழிகளை அடைத்தார், பசி மிச்சத்தைச் செய்தது. அக்டோபரில் ஷா தானே ஃபரஹாபாதுக்குப் போய் முடியை ஒப்படைத்தார். பாதுகாப்புதான் தலைநகர்த் தேர்வின் முதன்மைக் காரணம் என்பவர்களை இங்கே ஒன்று கேட்கலாம். பாதுகாப்பை நினைத்துக் கட்டிய நகரம் இப்படியா இருக்கும்?

அடுத்து நடந்தவை வேகமானவை. முற்றுகையின்போதே தப்பிய சுல்தான் ஹுசைனின் மகன், இளவரசர் தஹ்மாஸ்ப், கஸ்வீனுக்குப் போய் அங்கே தன்னை ஷா என்று அறிவித்துக்கொண்டார். பீட்டரின் படை காஸ்பியன் கரையோரம் இறங்கியது. தஹ்மாஸ்பின் தூதர் இஸ்மாயில் பேக் 1723இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் அந்தக் கரையோர மாகாணங்களை ரஷ்யாவுக்கு எழுதிக்கொடுத்தார். தஹ்மாஸ்ப் அதை ஏற்க மறுத்தார். அவர் ஏற்றாரா மறுத்தாரா என்பது அப்போது யாருக்கும் பெரிய விஷயமாக இல்லை. 1724இல் இஸ்தான்புல்லில் ஒட்டோமானியரும் ரஷ்யரும், பிரெஞ்சுத் தூதர் நடுவராக இருக்க, வடமேற்கு ஈரானைத் தமக்குள் பிரித்துக்கொண்டார்கள். தப்ரீஸ் ஒட்டோமான் பங்கில் விழுந்தது. இந்தப் பங்கீட்டை ஒப்புக்கொண்டால் தஹ்மாஸ்பை எஞ்சிய நாட்டுக்கு ஷாவாக ஏற்போம் என்று ஒரு விதியும் அதில் சேர்க்கப்பட்டிருந்தது.